அஸ்வினை வெளியில் இருத்தியது தமிழன் என்பதாலா?

இந்திய அணி இங்கிலாந்துக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ விளையாடப் போனால் எங்கட ஆட்களுக்குள் ஒரு கதை கட்டாயம் வரும். "அஸ்வின் தமிழன். அதுதான் வெளியில இருத்தி வைச்சவங்கள்." அஸ்வின் 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றுவிட்டார். கதை மட்டும் ஓய்வு பெறவில்லை. இன்றைக்கும் இந்தியா ஒரு வெளிநாட்டு டெஸ்டில் தோற்றால், "அஸ்வினுக்குச் செய்த பாவம்" என்று யாராவது ஒருவர் தொடங்குவார்.

எனக்கு இந்தக் கதையில் உடன்பாடில்லை. அஸ்வினுக்கு அநியாயம் நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது தமிழன் என்பதற்காக நடந்த அநியாயம் என்றால், நடந்த உண்மையான அநியாயம் எங்கட கண்ணில் படாமலே போய்விடுகிறது. அதைத்தான் கொஞ்சம் விபரமாக எழுதலாம் என்று இருக்கிறேன். கிரிக்கெட் பிடிக்காதவர்கள் இந்த முறை என்னை மன்னிக்க வேண்டும்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம்.

2021 ஜூன் மாதம், சவுத்ஹாம்டன். உலக டெஸ்ட் சம்பியன்ஷிப்பின் முதலாவது இறுதிப்போட்டி, நியூசிலாந்துக்கு எதிராக. இந்தியா அஸ்வின், ஜடேஜா இரண்டு பேரையும் சேர்த்தது. நியூசிலாந்து ஒரு சுழல் பந்துவீச்சாளரைக்கூடச் சேர்க்கவில்லை. இந்தியா 217, 170 என்று இரண்டு இனிங்ஸிலும் சுருண்டு 8 விக்கெட்டால் தோற்றது. அந்தப் போட்டியில் அஸ்வின் 45 ஓட்டங்கள் மட்டும் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். இரண்டாவது இனிங்ஸில் விழுந்த இரண்டு விக்கெட்டும் அவருடையதுதான்.

தோற்றது யாரால்? 217, 170 என்ற எண்களைப் பார்த்தால் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். அதற்கு அடுத்த டெஸ்ட் ஓகஸ்ட் மாதம் நொட்டிங்ஹாமில். வெளியில் இருந்தது யார்? அஸ்வின்.

இடையில் ஜூலை மாதம் அவர் சும்மா இருக்கவில்லை. சரே அணிக்காக ஓவல் மைதானத்தில் ஒரு கவுண்டிப் போட்டி விளையாடி, இரண்டாவது இனிங்ஸில் 27 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்தார். சமர்செட் 69 ஓட்டங்களுக்குச் சுருண்டது. அதே ஓவலில் செப்டம்பரில் நாலாவது டெஸ்ட் வந்தது. அன்றைக்காவது சேர்ப்பார்கள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு இருந்தோம். சேர்க்கவில்லை. அந்த வருடம் நடந்த நாலு டெஸ்டிலும் அவர் தண்ணீர்ப் போத்தலோடுதான் நின்றார். தள்ளிப்போன ஐந்தாவது டெஸ்ட் 2022 ஜூலையில் பேர்மிங்ஹாமில் நடந்தபோதும் அதே நிலைதான்.

பிறகு 2023 ஜூன். மீண்டும் ஓவல், மீண்டும் உலக டெஸ்ட் சம்பியன்ஷிப் இறுதிப்போட்டி, இந்த முறை அவுஸ்திரேலியா. அந்த நேரம் டெஸ்ட் பந்துவீச்சாளர்களின் தரவரிசையில் முதலாவது இடத்தில் இருந்தவர் அஸ்வின். அவுஸ்திரேலியாவின் முதல் 7 பேரில் 4 பேர் இடதுகை ஆட்டக்காரர்கள். இடதுகை ஆட்டக்காரர்களை டெஸ்டில் அதிக தடவை ஆட்டமிழக்கச் செய்தவர் யார்? முதலில் எங்கட முரளிதரன், 191 பேர். 2020 டிசம்பரில் மெல்பேர்னில் அதை முந்தியவர் அஸ்வின். ஆனால் அன்று காலை லண்டன் வானத்தில் முகில் கட்டியிருந்தது. முகிலைப் பார்த்து நாலு வேகப்பந்துவீச்சாளர்களைச் சேர்த்து, அஸ்வினை இருத்திவிட்டார்கள். பிறகு வெயில் எறித்தது. டிராவிஸ் ஹெட்டும் ஸ்மித்தும் சேர்ந்து 285 ஓட்டங்கள் அடித்தார்கள். இந்தியா 209 ஓட்டங்களால் தோற்றது. சச்சின் டெண்டுல்கரே அஸ்வினை ஏன் சேர்க்கவில்லை என்று பகிரங்கமாகக் கேட்டார்.

இவ்வளவும் நடந்தால் சனம் கதைக்காமல் இருக்குமா?

நான் வேலை செய்யும் உணவகத்தின் குசினியில் நாங்கள் ஏழெட்டுப் பேர். யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், மதுரைப் பக்கத்தில் இருந்து படிக்க வந்து பகுதிநேர வேலை செய்யும் தம்பி ஒருவர், தந்தூரி அடுப்பில் நிற்கும் பஞ்சாபிக்காரர், இரண்டு வங்காளதேசத்து ஆட்கள், இப்படிக் கலவை. கிரிக்கெட் நடந்தால் வெங்காயம் வெட்டுகிற சத்தத்தை விடக் கதைக்கிற சத்தம்தான் கூட.

அண்ணை சொல்லுவார்: "தம்பி, உவன் எங்கட ஆள். அதுதான் உவங்களுக்குக் கண்ணுக்குள்ள குத்துது."

மதுரைத் தம்பி அதுக்கு மேல: "வடக்கு லாபிண்ணே. பம்பாய்க்காரனா இருந்தா உட்கார வைப்பாங்களா?"

பஞ்சாபிக்காரர் நான் ரொட்டியைத் தட்டிக்கொண்டே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அப்படியென்றால் குல்தீப் யாதவ் எந்த ஊர்த் தமிழன்?

அண்ணையிடம் அதற்குப் பதில் இல்லை. தம்பியிடமும் இல்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நானும் யோசிக்கத் தொடங்கினேன்.

குல்தீப் கான்பூரில் வளர்ந்தவர். 2019 ஜனவரியில் சிட்னியில் 5 விக்கெட் எடுத்தார். வெளிநாட்டு மண்ணில் இனி இவர்தான் எங்கள் முதல் சுழல் பந்துவீச்சாளர் என்று அப்போதைய பயிற்றுவிப்பாளர் ரவி சாஸ்திரி புகழ்ந்தார். அதற்குப் பிறகு குல்தீப் அடுத்த வெளிநாட்டு டெஸ்ட் விளையாட எவ்வளவு காலம் சென்றது தெரியுமா? 2022 டிசம்பர், சட்டோகிராம். ஏறக்குறைய நாலு வருடம். அந்தப் போட்டியில் 8 விக்கெட் எடுத்து ஆட்டநாயகன் விருது வாங்கினார். அடுத்த டெஸ்டில் அவரை நிறுத்திவிட்டு இன்னொரு வேகப்பந்துவீச்சாளரைச் சேர்த்தார்கள். ஆட்டநாயகனுக்கு அடுத்த ஆட்டத்தில் இடமில்லை! 2025இல் இங்கிலாந்துப் பயணம் முழுக்க, ஐந்து டெஸ்டிலும், அவர் ஒரு பந்துகூடப் போடவில்லை. சுழல் பந்துக்கு விளையாடியது ஜடேஜாவும் வாஷிங்டன் சுந்தரும்.

வாஷிங்டன் சுந்தர் எந்த ஊர்? சென்னை.

2024 நவம்பரில் பேர்த் டெஸ்டில் அஸ்வினுக்குப் பதிலாக விளையாடியவரும் இதே வாஷிங்டன்தான். ஒரு தமிழனை இருத்திவிட்டு இன்னொரு தமிழனைச் சேர்த்தார்கள். அவரும் சும்மா வரவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்புதான் புனேயில் நியூசிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் 11 விக்கெட் எடுத்திருந்தார். தமிழன் என்பதால் இருத்தினார்கள் என்றால், தமிழன் என்பதால்தான் சேர்த்தார்களா?

இன்னும் பின்னுக்குப் போவோம். 2013 டிசம்பரில் ஜோகன்னஸ்பேர்க்கில் தென்னாபிரிக்கா 458 ஓட்டங்களைத் துரத்தி 450 வரை வந்தது. அந்த இனிங்ஸில் அஸ்வினுக்கு ஒரு விக்கெட்டும் கிடைக்கவில்லை. உடனே டர்பனில் அவருடைய இடம் போனது. அதற்குப் பிறகு நியூசிலாந்தில் இரண்டு டெஸ்ட், இங்கிலாந்தில் முதல் மூன்று டெஸ்ட் என்று வெளியில் இருந்தார். அப்போது அணித்தலைவர் யார்? சென்னை சுப்பர் கிங்ஸில் அஸ்வினை வளர்த்துவிட்ட தோனி. இந்திய கிரிக்கெட் சபையின் தலைவர் யார்? சென்னைக்காரரான சீனிவாசன். அஸ்வின் 2011இல் முதல் டெஸ்ட் விளையாடியபோது தெரிவுக்குழுத் தலைவர் சென்னை ஸ்ரீகாந்த். மேலே இருந்து கீழே வரைக்கும் சென்னை இருந்த காலத்திலும் அஸ்வின் வெளிநாட்டில் இருக்கையில்தான் இருந்தார்.

இந்திய கிரிக்கெட்டில் நிறமும் ஊரும் பார்ப்பதே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 2017இல் இலங்கைப் பயணத்தின்போது அபினவ் முகுந்த், சிறுவயதில் இருந்து தோல் நிறத்துக்காகத் தான் கேட்ட பேச்சுக்களைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். அது உண்மை, அது வலி. ஆனால் ஒரு இடத்தில் உண்மையாக இருப்பது எல்லா இடத்திலும் உண்மையாகிவிடாது. அஸ்வின் விடயத்தில் கணக்கு வேறு.

என்ன கணக்கு? என்னைக் கேட்டால், வெளிநாட்டுப் பயணங்களில் இந்திய அணியின் தெரிவில் எழுதாத ஒரு சட்டம் இருக்கிறது. பந்துவீச்சாளரின் இடத்தை ஆடுகளம் தீர்மானிக்கும். துடுப்பாட்ட வீரரின் இடத்தைப் பெயர் தீர்மானிக்கும்.

2021 இங்கிலாந்துப் பயணத்தையே எடுங்கள். அஸ்வின் நாலு டெஸ்டும் வெளியில். அதே நாலு டெஸ்டிலும் விளையாடிய ரஹானே 7 இனிங்ஸில் எடுத்தது 109 ஓட்டங்கள். சராசரி 15.57. அதில் 61 ஒரே இனிங்ஸில் வந்தது. அது லோர்ட்ஸில் மிகவும் பிரயோசனமான 61தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் லீட்ஸில் அணி 78 ஓட்டங்களுக்குச் சுருண்டு, இனிங்ஸ் தோல்வி கண்ட பிறகும் அடுத்த டெஸ்டில் அவர் இருந்தார். ஆடுகளத்தைப் பார்த்து, முகிலைப் பார்த்து, "இன்றைக்கு உன்ர ஆட்டம் சரிவராது, நீ இரு" என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

2023 இறுதிப்போட்டி. முதல் இனிங்ஸில் முதல் நாலு பேரும் எடுத்த ஓட்டங்கள்: ரோகித் 15, கில் 13, புஜாரா 14, கோலி 14. நாலு பேரும் சேர்ந்தாலும் ஹெட்டின் அரைவாசிகூட வராது.

அதற்குப் பிறகு 2024. ஒக்டோபர், நவம்பரில் நியூசிலாந்து இந்தியாவுக்கு வந்து மூன்று டெஸ்டையும் வென்று போனது. அஸ்வின் நல்லாகப் போடவில்லை. 9 விக்கெட், ஒவ்வொன்றும் 41 ஓட்டங்களுக்கு மேல். சரி, ஏற்றுக்கொள்கிறேன். அதே தொடரில் ரோகித் 91 ஓட்டங்கள், கோலி 93 ஓட்டங்கள், ஆளுக்கு 6 இனிங்ஸ். மூன்று பேரும் ஒரே தொடரில் சறுக்கினார்கள். அவுஸ்திரேலியாவுக்குப் போய் இறங்கியதும் இடம் போனது ஒருவருக்குத்தான்.

அந்தத் தொடரில் முதல் மூன்று டெஸ்டிலும் மூன்று வேறு சுழல் பந்துவீச்சாளர்கள். பேர்த்தில் வாஷிங்டன், அடிலெய்டில் அஸ்வின், பிரிஸ்பேனில் ஜடேஜா. பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்த அன்று, 2024 டிசம்பர் 18, தொடரின் நடுவிலேயே அஸ்வின் ஓய்வை அறிவித்தார். 106 டெஸ்ட், 537 விக்கெட். அடுத்த நாள் சென்னையில் வந்து இறங்கிவிட்டார்.

துடுப்பாட்டப் பக்கம் என்ன நடந்தது? பேர்த்தில் கோலி சதம் அடித்தார். நம்பிக்கை வைத்தார்கள், அவர் ஒரு தடவை காப்பாற்றினார், நல்லது. அந்தச் சதத்தையும் சேர்த்துத் தொடர் முழுக்க 9 இனிங்ஸில் 190 ஓட்டங்கள். எட்டுத் தடவை ஆட்டமிழந்தார், எட்டும் ஒரே மாதிரி, ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே போன பந்தைத் தொட்டுப் பின்னால் பிடிகொடுத்து. ரோகித் 5 இனிங்ஸில் 31 ஓட்டங்கள். கடைசியில் சிட்னியில் அவராகவே ஒதுங்கினார். அணித்தலைவராக இருந்துகொண்டு தானே ஒதுங்கியது பெரிய மனசு என்று பாராட்டினார்கள். பாராட்டட்டும். ஆனால் கவனியுங்கள்: துடுப்பாட்ட வீரர் தானாக ஒதுங்கும்வரை காத்திருக்கிறார்கள். பந்துவீச்சாளருக்கு அந்த மரியாதை இல்லை. காலையில் பலகையில் பெயர் இருக்காது, அவ்வளவுதான்.

இதற்கு எதிர்ப்பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. அதையும் சொல்லாமல் விட்டால் நானும் அந்த அண்ணை மாதிரித்தான்.

முதலாவது, அஸ்வினின் 537 விக்கெட்டில் 383 இந்திய மண்ணில் எடுத்தவை. அவுஸ்திரேலியாவில் ஒரு விக்கெட்டுக்கு 40 ஓட்டங்களுக்கு மேல் கொடுத்திருக்கிறார். 2018இல் சவுத்ஹாம்டனில், நல்லாகத் திரும்புகிற ஆடுகளத்தில், எதிரணியின் மொயின் அலி 9 விக்கெட் எடுக்க, காயத்தோடு விளையாடிய அஸ்வினால் அவ்வளவு முடியவில்லை. இந்தியா அந்தத் தொடரை இழந்தது அங்கேதான். உண்மை.

இரண்டாவது, 2021இல் அவர் இல்லாமலே லோர்ட்ஸிலும் ஓவலிலும் இந்தியா வென்றது. வென்ற தெரிவைப் பிழை என்று எப்படிச் சொல்வது? இதுவும் நியாயமான கேள்விதான்.

மூன்றாவது, துடுப்பாட்ட ஆழம். எட்டாம் இலக்கம் வரை அடிக்கக்கூடிய ஆட்கள் வேண்டும் என்பது. 2025 ஜூலையில் மான்செஸ்டரில் ஜடேஜா 107, வாஷிங்டன் 101, இரண்டு பேரும் ஆட்டமிழக்காமல் நின்று தோற்க வேண்டிய டெஸ்டைச் சமநிலை ஆக்கினார்கள். குல்தீப் இருந்திருந்தால் அது நடந்திராது என்று சொல்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

பதில் இருக்கிறது. அதே தொடரின் முதலாவது டெஸ்ட், லீட்ஸ், 2025 ஜூன். இந்திய வீரர்கள் அந்த ஒரே போட்டியில் ஐந்து சதங்கள் அடித்தார்கள். ரிஷப் பண்ட் மட்டும் இரண்டு. அப்படி அடித்தும் தோற்றார்கள். கடைசி இனிங்ஸில் 371 ஓட்டங்களை இங்கிலாந்து 5 விக்கெட் இழப்புக்கு எடுத்துவிட்டது. ஐந்து சதமும் காப்பாற்றாத இடத்தில் வேண்டியிருந்தது இன்னொரு துடுப்பாட்ட வீரர் இல்லை, விக்கெட் எடுக்கிற ஒரு ஆள். டெஸ்டில் வெல்ல வேண்டுமென்றால் 20 விக்கெட் எடுக்க வேண்டும். எத்தனை ஓட்டம் அடித்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அத்தோடு "துடுப்பாட்ட ஆழம்" என்ற சொல்லைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். அந்த ஆழம் ஏன் தேவைப்படுகிறது? மேலே இருப்பவர்கள் அடிக்காதபடியால். மேலே இருப்பவரை மாற்ற மாட்டோம், ஆனால் அவர் அடிக்காமல் விடுகிற ஓட்டத்தை எட்டாம் இலக்கத்தில் வருகிறவர் அடிக்க வேண்டும், அதற்காக நல்ல பந்துவீச்சாளர் வெளியில் இருக்க வேண்டும். இவ்வளவும் சொல்லி இருத்தினது யாரை? டெஸ்டில் 6 சதமும் 3,500 ஓட்டங்களும் அடித்த ஒரு ஆளை. 2021 ஜனவரியில் சிட்னியில் முதுகு வலியோடு 128 பந்துகள் நின்று, விகாரியோடு சேர்ந்து டெஸ்டைக் காப்பாற்றிய அதே ஆளை.

வெளிநாட்டில் அவருடைய சராசரி கூட என்பதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு டெஸ்ட் விளையாடி அடுத்த டெஸ்டில் இருப்போமா என்று தெரியாதவன் எப்படிப் பந்து போடுவான்? ஒரு பந்து அடி வாங்கினால் கப்டனின் முகத்தைப் பார்ப்பான்.

இந்த இடத்தில் எனக்கு ஓவல் மைதானம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. 2021இலும் 2023இலும் அஸ்வினை இருத்தி வைத்த அதே மைதானம். 1998 ஓகஸ்டில் இலங்கை அணி அங்கே ஒரே ஒரு டெஸ்ட் விளையாட வந்தது. ஆடுகளம் துடுப்பாட்டத்துக்கு நல்லது. அர்ஜுன ரணதுங்க நாணயச் சுழற்சியில் வென்று, எல்லோரும் ஆச்சரியப்பட, இங்கிலாந்தை முதலில் ஆடச் சொன்னார். முரளிக்கு இரண்டு இனிங்ஸுக்கும் நடுவில் ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம் என்பார்கள். முரளி இரண்டு இனிங்ஸிலுமாக 113 ஓவர்களுக்கு மேல் போட்டார். முதலில் 7 விக்கெட், பிறகு 9 விக்கெட், மொத்தம் 16. முதல் இனிங்ஸில் இங்கிலாந்து 445 அடித்தது. அதைப் பார்த்து ரணதுங்க பந்தை அவரிடம் இருந்து பறிக்கவில்லை. இலங்கை 10 விக்கெட்டால் வென்றது.

முரளியின் அரசியல் பற்றி எங்கட ஆட்களுக்கு ஆயிரம் கோபம் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. அது வேறு கதை. இங்கே நான் சொல்ல வருவது, 1995இல் மெல்பேர்னில் நடுவர் ஹெயர் முரளியின் பந்தை 7 தடவை முறையற்ற பந்து என்று அறிவித்தார். 1999இல் அடிலெய்டில் இன்னொரு நடுவர் அதையே செய்தபோது அணியையே எல்லைக்கோடு வரை கூட்டிக்கொண்டு போய் நின்றவர் ரணதுங்க. நாட்டில் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஒரு சிங்களத் தலைவர், ஒரு தமிழ்ப் பந்துவீச்சாளர். இனத்தை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் இந்தக் கணக்கு எங்கே வரும்? ரணதுங்கவுக்கு ஒன்று விளங்கியிருந்தது. பந்துவீச்சாளர்தான் டெஸ்டை வென்று தருவார். அந்த விளக்கம் கோலிக்கும் ரோகித்துக்கும் தங்கள் வேகப்பந்துவீச்சாளர்களைப் பற்றி இருந்தது. சுழல் பந்துவீச்சாளரைப் பற்றி, அதுவும் வெளிநாட்டில், இருக்கவில்லை.

குசினியில் நிற்கிறவனுக்கு இந்தச் சட்டம் புதிதில்லை. வெள்ளிக்கிழமை இரவு ஆட்கள் வராவிட்டால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர் கோப்பை கழுவுகிறவர். அதற்கடுத்தது மரக்கறி வெட்டுகிறவர். "இன்றைக்கு யாவாரம் இல்லை, நீ போ" என்பார்கள். யாவாரம் ஏன் இல்லை? சாப்பாட்டுப் பட்டியலைப் போட்டவரைக் கேட்க வேண்டிய கேள்வி அது. அவரை ஒருவரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. கோப்பை கழுவுகிறவர் தமிழனாக இருந்தாலும் அனுப்புவார்கள், வங்காளியாக இருந்தாலும் அனுப்புவார்கள். நான் பார்த்த முதலாளிகளில் தமிழ் முதலாளிகளும் உண்டு. அவர்களும் அனுப்பினார்கள். அந்த நேரம் "தமிழனைத் தமிழன்..." என்று தொடங்கினால் எங்களோடு சேர்ந்து நிற்க வேண்டிய வங்காளி ஒதுங்கிப் போவான். அஸ்வினை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால் குல்தீப் எங்கட கண்ணில் படாத மாதிரி.

அஸ்வினின் ஓய்வுக்கு அடுத்த நாள் அவருடைய தகப்பன் தொலைக்காட்சி ஒன்றுக்குக் கதைக்கும்போது அவமானம் என்ற சொல்லைப் பாவித்தார். உடனே எங்கட ஆட்கள் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். அஸ்வினோ, அப்பாவுக்கு ஊடகத்தில் கதைத்துப் பழக்கமில்லை, அவரை விட்டுவிடுங்கள் என்ற மாதிரிப் பகிடியாகச் சொல்லிச் சமாளித்தார். ஒரு தகப்பனுக்கு வலிக்கும்தான். பிள்ளையை இருத்தி வைத்தால் எந்தத் தகப்பனும் காரணம் தேடுவார். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும் நாங்கள் சரியான காரணத்தைத் தேட வேண்டாமா?

இதை நான் இவ்வளவு பிடிவாதமாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. "தமிழன் என்பதால்" என்ற வார்த்தைக்கு எங்களிடம் ஒரு எடை இருக்கிறது. அடையாள அட்டையில் பெயரைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் இருந்து இறக்கி, மற்றவர்களைப் போகவிட்டு எங்களை மட்டும் வெயிலில் நிற்க வைத்த நாட்களில் அந்த வார்த்தை உண்மை. வளாகத்துப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு அது உண்மை. அகதி வழக்கில் இந்த வார்த்தையைத்தான் நாங்கள் நிரூபிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தேதியும், ஒவ்வொரு ஊரும் கேட்டார்கள். சும்மா சொன்னால் நம்பவில்லை. அப்படி நிரூபித்து வாங்கிய வார்த்தையை, ஒரு கிரிக்கெட் அணியின் தெரிவுக்கு, ஒரு ஆதாரமும் இல்லாமல், வெங்காயம் வெட்டிக்கொண்டே எறிந்துவிட முடியுமா? தேவையில்லாத இடத்தில் எல்லாம் அதைச் சொன்னால், தேவையான இடத்தில் சொல்லும்போது கேட்க ஆள் இருக்காது.

ஆகவே அடுத்த வெளிநாட்டுப் பயணத்துக்கு அணி அறிவிக்கும்போது வேறு விதமாகச் சண்டை பிடிப்போம். முதலில், போன தொடரில் முதல் ஆறு பேரும் எத்தனை ஓட்டங்கள் எடுத்தார்கள் என்று கேட்போம். அதற்குப் பிறகு, விக்கெட் எடுக்கிற யார் வெளியில் இருக்கிறார், எதற்காக என்று கேட்போம். அவர் சென்னையாக இருந்தாலும் சரி, கான்பூராக இருந்தாலும் சரி. நல்ல பந்துவீச்சாளர் ஒருவர் தண்ணீர்ப் போத்தலோடு நிற்கிறார் என்றால் அது எங்களுக்குக் கோபம் வர வேண்டிய விடயம்தான்.

அண்ணைக்கு இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அப்ப ரஹானேயை ஏன் வைச்சிருந்தவங்கள் எண்டு சொல்லு பாப்பம்" என்றார். இப்பதான் அண்ணை சரியான கேள்வி கேட்டிருக்கிறார் :-)